கண்ணுக்கு மேல் ஒரு பட்டை

முன்னால் இன்னும் முப்பது பேராவது இருப்பார்கள். மேடைக்குப் போகிற சிவப்புக் கம்பளத்தைச் சுவரோரமாகப் போட்டு, தங்கநிறக் கம்பங்களில் கயிறு கட்டி, ரேஷன் கடை வரிசைக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்ட மாதிரி எங்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். என் கையில் வெள்ளிக் குங்குமச்சிமிழ், பரிசுத்தாள் சுற்றி, மூலையில் ‘இந்திராணி – பாஸ்கரன்’ என்று என் கையெழுத்தில். பின்னால் பாஸ்கரன். “பந்தி ஆரம்பிச்சுட்டாங்க போல,” என்கிறார். எந்தக் கல்யாண வரவேற்புக்கு வந்தாலும் அவருக்கு ஒரு கண் மேடையில், ஒரு கண் சாப்பாட்டுக் கூடத்தில். எனக்கு இரண்டு கண்ணும் அந்தத் திரையில். மேடைக்கு இரண்டு பக்கமும் சுவர் உயரத்துக்குத் திரை வைத்திருக்கிறார்கள், ஏறுகிறவர்கள் முகத்தையெல்லாம் அதில் பெரிதாகக் காட்டுகிறார்கள். இப்போது ஒரு மாமாவின் முகம். மூக்குத் துவாரத்தில் இருக்கிற நரைமுடி வரைக்கும் தெரிகிறது. அவருக்குத் தெரியாது, அவர் பாட்டுக்கு மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருக்கிறார். கீழே முந்நூறு பேர் அந்த முடியைப் பார்க்கிறோம். இன்னும் அரை மணியில் அந்த இடத்தில் என் முகம் வரும். இரண்டு கன்னத்திலும் கறுப்புத் திட்டாய் மங்கு, மூக்குத் தண்டின் மேல் கொஞ்சம், மேலுதட்டுக்கு மேல் மீசை மாதிரி ஒரு தீற்று. மேலே ஃபவுண்டேஷன், அதற்கு மேல் பவுடர், ஒரு மணி நேரம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பூசியது. மண்டபத்தில் குளிர்சாதனம் இருக்கிறது என்றுதான் பத்திரிகையில் போட்டிருந்தது, ஆனால் கழுத்துக்குப் பின்னால் வியர்க்கிறது. வியர்வை முகத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும். காதைத் தொட்டுப் பார்க்கிறேன். தோடு இருக்கிறது. அதே தோடு. வேண்டுமென்றேதான் போட்டுக்கொண்டு வந்தேன்.

அந்தத் தோட்டை வைத்துத்தான் ஜெபமலர் கண்டுபிடித்தாள். வலது காதில் முத்து, இடது காதில் முத்து விழுந்துபோய் அந்த இடத்தில் சிவப்புக்கல் பதித்தது. கடைக்காரர் அதே மாதிரி முத்து கிடைக்கவில்லை என்று சொன்னார், நானும் சரி, யார் இரண்டு காதையும் சேர்த்துப் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஜெபமலர் பார்த்திருக்கிறாள். ஆதார் மையத்தில் எனக்குப் பக்கத்து மேஜை அவள், ஏழு வருஷமாக. பதினோரு நாளைக்கு முன்னால், திங்கட்கிழமை, டோக்கன் கொடுக்க ஆரம்பிப்பதற்கு முன், போனை என் முன்னால் நீட்டினாள். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இது நீங்கதான?” இரண்டு படம், பக்கத்தில் பக்கத்தில். ஒன்றின் மேல் ‘முன்’, இன்னொன்றின் மேல் ‘பின்’. இரண்டிலும் கண்ணுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை, பேப்பரில் கொலைக்கேஸ் பெண்களுக்குப் போடுவார்களே அது மாதிரி. கீழே ‘சுகு மூலிகைக் களிம்பு’. அதற்குக் கீழே எழுத்து: தன்னம்பிக்கையை இழந்து, வீட்டை விட்டு வெளியே வரவே கூச்சப்பட்ட ஒரு சகோதரியின் கதை. மூன்றே மாதத்தில். நான் எங்கே வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தேன், காலை ஒன்பதரைக்கெல்லாம் ஆபீசில் இருப்பேன். முதலில் மனசில் வந்தது இதுதான், என்ன ஒரு பைத்தியக்காரத்தனம், தப்பான தகவல் போட்டிருக்கிறார்களே என்று. அப்புறம்தான் படத்தை மறுபடி பார்த்தேன். ஜெபமலர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “கண்ணு தெரியல அக்கா, வேற யாருக்கும் தெரியாது,” என்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் சொல்கிறாள். பதினோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அன்றைக்கு முதல் டோக்கன் ஒரு கல்லூரிப் பையன், அவனுக்கு முகவரி மாற்ற வேண்டும். நான் கேமராவைப் பார்க்காமல் அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், இவன் பார்த்திருப்பானோ என்று.

வரிசை நகர்கிறது. இரண்டடி. திரையில் ஒரு குடும்பம், குழந்தை மைக்ரோபோனைப் பிடித்து இழுக்கிறது. பெண்ணின் அம்மாவாக நிற்கிற சுகுணா சிரிக்கிறாள். மாம்பழக் கலர் பட்டு, தலை நிறைய மல்லிகை. அழகாகத்தான் இருக்கிறாள், அவள் எப்போதும் அழகு. உறையூரில் ஒரே காம்பவுண்டுக்குள் எதிரெதிர் போர்ஷனில் ஆறு வருஷம் இருந்தோம், கல்யாணமான புதிதில். அவள் கதவைத் திறந்தால் என் கதவு. இன்றைக்குக் கல்யாணப் பெண்ணாக நிற்கிற மிருதுளா அவளுக்குப் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் தூக்கியது நான். அப்புறம் வேறு வேறு வீடு, ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் சொல்லாத விஷயம் என்று ஒன்று என்னிடம் இல்லை. பாஸ்கரனிடம் சொல்லாதது நிறைய இருக்கிறது. முகத்தைக்கூட அவளிடம்தான் காட்டினேன். நாற்பது வயசுக்கு மேல் மங்கு விழுந்தபோது டாக்டர் ஒரு க்ரீம் எழுதிக் கொடுத்தார், எரிந்தது. சுகுணா அப்போதுதான் களிம்பு காய்ச்ச ஆரம்பித்திருந்தாள். “ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பவுடர் போடாம ஜன்னல் வெளிச்சத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்புடி. பாத்துப் பாத்து நான் சேர்மானம் மாத்தித் தரேன்.” அனுப்பினேன். இரண்டு வருஷம். குளித்துவிட்டு, தலையில் துண்டோடு, நைட்டியில், பல் தேய்க்காமல்கூட ஒரு தடவை. என் கண்ணாடியே பார்க்காத முகத்தை அவள் பார்த்தாள். அனுப்பின பிறகு ஒரு நிம்மதி வரும், பாரத்தை இறக்கி வைத்த மாதிரி. யாரோ ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள் என்று. மங்கு குறையவே இல்லை, அது வேறு விஷயம். அதை அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது, அவ்வளவு ஆசையாகக் காய்ச்சித் தருகிறாளே என்று ‘கொஞ்சம் பரவாயில்லடி’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன்.

‘கொஞ்சம் பரவாயில்லடி.’ இந்த இடத்தில்தான் பதினோரு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நானேதானே சொன்னேன். பரவாயில்லை என்று நான் சொன்னதை அவள் ஊருக்குச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதானா. வேறு என்ன சொன்னேன். ஒரு தடவை போனில் விளையாட்டாக, ‘என் மூஞ்சி சரியானா உன் களிம்புக்கு அதவிட வேற விளம்பரம் வேணுமா’ என்றேனோ. சொன்ன மாதிரியும் இருக்கிறது, சொல்லாத மாதிரியும் இருக்கிறது. சொல்லியிருந்தால் அது சம்மதமா. சிரித்துக்கொண்டு சொன்னால் சம்மதமா. வாட்ஸப்பில் எழுதியிருந்தேனா என்று தேடினேன், அன்றைக்கு மத்தியானம் சாப்பிடாமல் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து. மேலே தள்ளத் தள்ள எதுவும் இல்லை. போன மூன்று மாசம் மட்டும் இருக்கிறது, கல்யாணப் புடவைப் படங்களும் மண்டபம் பேசினதும். அதற்கு முன்னால் வெள்ளை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. முதல் போட்டோ அனுப்பின அன்றைக்கே அவள்தான் அதை மாற்றி வைத்தாள். “தொண்ணூறு நாள்ல எல்லாம் தானா அழிஞ்சுரும்டி. உன் போட்டோல்லாம் என் போன்ல கெடந்தா எங்க வீட்டு ஆளுங்க யாராவது பாத்துருவாங்கல்ல. உன் மூஞ்சி என் கண்ணுக்கு மட்டும்தான்.” அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன். புருஷன்கூட அப்படிச் சொன்னதில்லை என்று நினைத்தேன், சிரிப்பும் வந்தது. இப்போது அந்த வரியைக் காட்டலாம் என்று பார்த்தால் அந்த வரியே இல்லை. அவள் சொன்ன சொல் தொண்ணூறு நாளில் அழிந்துவிட்டது. என் படம் அழியவில்லை. அதை மட்டும் எடுத்துத் தனியாக வைத்திருந்திருக்கிறாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது, என்னவென்று சொல்வது, ஆதாரம் எங்கே என்று கேட்டால். நாள் முழுக்க ஆதார் எடுத்துக் கொடுக்கிறவள் கையில் ஒன்றும் இல்லை.

“என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?” என்கிறார் பாஸ்கரன். “வேர்க்குதுங்க,” என்கிறேன். “பவுடர் கலையுது பாரு,” என்று கர்சீப்பை நீட்டுகிறார், நல்ல மனுஷர்தான். அவரும் அந்த விளம்பரத்தைப் பார்த்தார். அதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஜெபமலர் காட்டின அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறேன், காப்பி குடித்துக்கொண்டே போனைத் தள்ளிக்கொண்டிருந்தவர், “இங்க பாரேன், உன் ஃப்ரெண்டு களிம்பு விளம்பரம். யாரோ ஒரு பொம்பள, பாவம்,” என்றார். என் முன்னால் நீட்டினார். நான் அவர் முகத்தையே பார்த்தேன், வேண்டுமென்றே சொல்கிறாரோ என்று. இல்லை. நிஜமாகவே தெரியவில்லை. ‘லைக்’ போட்டிருந்தார், நம்ம சுகுணாதானே என்று. இருபத்திரண்டு வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில் இருக்கிற மனுஷருக்குக் கண்ணை மறைத்தால் பெண்டாட்டி அடையாளம் தெரியவில்லை, பக்கத்து மேஜை ஜெபமலருக்கு ஒரு தோட்டில் தெரிந்துவிட்டது. அதற்காக அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் டம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டேன். ‘அது நான்தாங்க’ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் மறுபடி ஒரு தடவை பார்ப்பார். பெரிதாக்கிப் பார்ப்பார். அந்தப் படத்தை அவர் பெரிதாக்கிப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது, ஏனென்றால் அது எந்தப் படம் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைப் படம் இல்லை அது.

அம்மா போன மறுநாள் காலையில் எடுத்தது. தகனமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்களெல்லாம் ஹாலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தூக்கம் இல்லை. குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. தலை ஈரம், உதடு வெடித்து, கன்னம் உப்பி, மங்கு கருகின மாதிரி. ‘அம்மா இல்லாம எப்படி ஆயிட்டேன் பாருடி’ என்று எழுதி அனுப்பினேன். ஒரு மனுஷியிடம் மட்டும் காட்ட வேண்டும் போல இருந்தது. பத்து நிமிஷத்தில் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள் சுகுணா. குளியலறை வாசலில் தரையில் உட்கார்ந்து என்னை மடியில் போட்டுக்கொண்டாள். அதுவும் உண்மை. அந்த மடியும் உண்மை. இத்தனை படம் இருக்க இதை எதற்கு எடுத்தாள். யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒரே ஒரு பதில்தான் வருகிறது. இருக்கிறதிலேயே இதில்தான் நான் அசிங்கமாக இருக்கிறேன். ‘முன்’னுக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றாகத் தள்ளி, இது வேண்டாம், இதில் கொஞ்சம் நன்றாக இருக்கிறாள், இது வேண்டாம், ஆ, இது. அப்படித்தானே எடுத்திருக்க வேண்டும். அழுது வீங்கின கண்ணுக்கு மேல் பட்டை போட்டதனால் அழுதது யாருக்கும் தெரியாது, வெறும் அசிங்கம் மட்டும்தான் தெரியும். கீழே கமெண்டில் ஒருத்தன், ‘நல்லவேளை கண்ணை மறைச்சீங்க, மிச்சத்தையும் மறைச்சிருக்கலாம்’ என்று எழுதி, சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வருகிற பொம்மை மூன்று போட்டிருந்தான். அதற்கும் களிம்புப் பக்கத்திலிருந்து ஒரு இதயம். படிக்காமல் எல்லாவற்றுக்கும் போட்டுக்கொண்டே போயிருப்பாள், சுகுணாவுக்கு அது ஒன்றுதான் செய்யத் தெரியும். என் அம்மா செத்த மறுநாள் முகத்துக்குக் கீழே அந்த இதயம் இருக்கிறது, இப்போதும், இந்த நிமிஷமும்.

‘பின்’ படமும் நான்தான். அது மிருதுளாவின் நிச்சயதார்த்தத்தில் எடுத்தது. பார்லர் பெண் வந்து எனக்கும் சேர்த்துப் போட்டுவிட்டாள், அதில் மங்கு எப்படித் தெரியும். ஓரத்தில் மிருதுளாவின் வளையல் கை ஒன்று வெட்டுப்பட்டு நிற்கிறது. இத்தனையும் சுகுணாவால் முடியாத வேலை. படத்தை வெட்டுவது, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவது, பட்டை போடுவது, அவளுக்குப் படத்தைத் திருப்பக்கூடத் தெரியாது, தலைகீழாக வந்தால் போனைத் தலைகீழாகப் பிடிப்பாள். அப்படியானால் யார் போட்டது. இதை மட்டும் நினைக்கக் கூடாது என்று பதினோரு நாளாகத் தள்ளித் தள்ளி வைத்தேன், இந்த வரிசையில் நிற்கும்போது தள்ள இடம் இல்லை, முன்னாலும் ஆள், பின்னாலும் ஆள். மிருதுளா. அதோ மேடையில், ஊதாக் கலரில், அம்மாவைவிட ஒரு பிடி உயரம். பதினைந்து வயசில் கைரேகை புதுப்பிக்க என் மையத்துக்குத்தான் வந்தாள். போட்டோ எடுக்கும்போது கண்ணை மூடிவிடுவாள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. கண்ணை மூடினால் மெஷின் ஏற்காது, திரும்ப எடு என்று சொல்லிவிடும். “கண்ணத் தொற பட்டு,” என்றேன். “வெளிச்சம் அடிக்குது சித்தி.” நாலாவது தடவை வந்தது. திரையை அவள் பக்கம் திருப்பி, “ஓகேவா?” என்று கேட்டேன். “பரு தெரியுது சித்தி.” மறுபடி எடுத்தேன். பின்னால் பதினெட்டு டோக்கன் நின்றது, முணுமுணுத்தார்கள், எடுத்தேன். நான் எல்லாரிடமும் கேட்பேன். ஒரு நாளைக்கு நாற்பது முகம், நாற்பது பேரிடமும் கேட்பேன், இது நீங்கதானே, சரியா இருக்கா, போட்டுரலாமா. ஒரு தடவை ஒரு அம்மா, கன்னத்தில் தீக்காயம், “அந்த டிவிய அவங்க பாக்காத மாதிரித் திருப்புங்கம்மா,” என்றாள், வரிசையில் நிற்கிறவர்களைக் காட்டி. அன்றிலிருந்து திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பித்தான் வைத்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஜனங்களுக்கு அவ்வளவு பார்த்தேன். என்னிடம் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

இன்னும் ஆறு பேர். பாஸ்கரன் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறார். என்ன பேசப்போகிறேன். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன், நேற்று. ‘ஒரு வார்த்தை கேட்டியா சுகுணா.’ அவ்வளவுதான், ஒரே வரி, சத்தம் போடாமல், காதுக்குள். இதைக்கூடச் சொல்லாமல் இறங்கினால் நாளைக்கு அவள் வீட்டுக்குச் சீர்ப்பலகாரம் சாப்பிடப் போவேன், ஆடிக்குப் போவேன், அப்படியே சாகும்வரை போய்க்கொண்டிருப்பேன். சொன்னால் எல்லாம் இன்றைக்கே முடிந்துவிடும். பதினோரு நாளில் அவள் மூன்று தடவை போன் பண்ணினாள், புடவைக்கு ஃபால்ஸ் தைத்தாச்சா, வேன் எத்தனை மணிக்கு, நீ முன்னாடியே வந்துரு என்று. அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. நானும் கேட்கவில்லை. கல்யாண வீடு, இப்போது வேண்டாம் என்று இருந்தேன். அதை நான் பார்க்கவே மாட்டேன் என்று நினைத்தாளா, இல்லை பார்த்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று நினைத்தாளா. இரண்டாவதுதான் என்றால் அதுதான் ரொம்ப வலிக்கிறது, ஏனென்றால் அவள் நினைத்தது சரி. ‘அவ நம்ம இந்துதான’ என்று நினைத்திருப்பாள். நம்ம என்ற சொல்லுக்கு இதுவும் ஒரு அர்த்தமா. ஒருவேளை மறந்துபோயே போட்டுவிட்டாளோ. ஒருவேளை நான் நிஜமாகவே சரியென்று சொல்லியிருந்து எனக்குத்தான் மறந்துவிட்டதோ. அம்மா போன மாசமெல்லாம் எனக்கு எதுவுமே நினைவில் இல்லை, கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். அப்படி ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பேனோ. மறுபடியும் அதே இடம். படி வந்துவிட்டது. “மேடம், ஷூ, செப்பல் பரவாயில்ல, அப்படியே ஏறுங்க,” என்கிறான் கேமராக்காரன் ஒருத்தன்.

மூன்று படி. வெளிச்சம் முகத்தில் அறைகிறது. ஓரக்கண்ணில் திரை தெரிகிறது, அதில் ஒரு பெரிய கன்னம், நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. “இந்து, வாடி, எங்கடி போன, காலைலேந்து தேடறேன்,” சுகுணா இரண்டு கையாலும் என்னைப் பிடித்துக்கொள்கிறாள், மல்லிகையும் வியர்வையும் அவளுடைய பழைய பவுடரும் கலந்த வாசனை, இருபத்திரண்டு வருஷத்து வாசனை. கட்டைவிரலால் என் கன்னத்தைத் தடவி, “கொறஞ்சிருக்கு பாத்தியா,” என்கிறாள். ஃபவுண்டேஷனைத் தடவிவிட்டுச் சொல்கிறாள். சொல், இப்போது சொல். வாயைத் திறக்கிறேன். அதற்குள் மிருதுளா குனிந்து என்னைக் கட்டிக்கொள்கிறாள், அவள் நெற்றிச்சுட்டி என் காதில் குத்துகிறது. “சித்தி, இந்தத் தோட்டப் போட்டுட்டே வந்துட்டீங்களா,” என்று சிரிக்கிறாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, வேகமாக, “அந்தப் போஸ்ட்ட எடிட் பண்றப்ப எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு சித்தி. வேணாம்மான்னுதான் சொன்னேன். நீங்களேதான் போடச் சொன்னீங்க, உங்ககிட்ட கேட்டுட்டேன்னு அம்மா சொன்னாங்க. பாட்டி செத்தப்ப எடுத்ததுன்னு அப்புறம்தான் தேதியப் பாத்தேன். நெஜமாவே நீங்கதான் சொன்னீங்களா சித்தி?” நான் சொல்லவில்லை. மறக்கவும் இல்லை, விளையாட்டுக்கும் இல்லை. கேட்டுவிட்டேன் என்று பெற்ற பெண்ணிடம் பொய் சொல்லித்தான் போட வைத்திருக்கிறாள், அப்படியென்றால் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, கேட்டால் நான் மாட்டேன் என்பேன் என்றும் தெரிந்திருக்கிறது. பதினோரு நாளாகச் சுற்றின இடத்திலிருந்து கால் கழன்றது. சுகுணாவைப் பார்க்கிறேன். அவளுக்குக் கேட்டிருக்கிறது. முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்திருக்கிறாள், காது மடல் மட்டும் சிவந்திருக்கிறது.

மிருதுளா என் பதிலுக்காக நிற்கிறாள். மை தீட்டின கண் இரண்டும் விரிய, அன்றைக்கு அந்த நாற்காலியில் பருவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த அதே பார்வை. பின்னால் அவள் மாப்பிள்ளை, மாமியார், நாத்தனார், முன்னால் முந்நூறு பேர். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பெண்ணுக்கு இந்த மேடை வாழ்நாள் முழுக்க இப்படித்தான் ஞாபகம் இருக்கும். “ஆமா பட்டு, நான்தான் போடச் சொன்னேன்,” என்கிறேன். அவள் முகம் தெளிகிறது. அவ்வளவுதான். நேற்று ஒத்திகை பார்த்த வரிக்குப் பதில் இந்த வரி. இப்போது நானே சம்மதம் கொடுத்துவிட்டேன், வாயால், சாட்சி வைத்து, இனிமேல் எந்தக் காலத்திலும் கேட்க முடியாது. “நிக்கலாமா, நிக்கலாமா,” என்கிறான் போட்டோகிராபர். பாஸ்கரன் மாப்பிள்ளை பக்கம் போய் நின்று நெஞ்சை நிமிர்த்துகிறார். சுகுணா என் பக்கத்தில் வந்து ஒட்டி நிற்கிறாள். புடவை மடிப்புக்குள்ளே, யாருக்கும் தெரியாமல், அவள் கை என் கையைத் தேடிப் பிடித்து இறுக்கி ஒரு அழுத்து அழுத்துகிறது. நன்றி சொல்கிறாள். அம்மா போனபோது மடியில் போட்டுக்கொண்ட அதே கை. மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட ஆறியிருக்கும். பிழைத்தேன்டி என்கிற மாதிரி அழுத்துகிறாள், எனக்கு அப்படியே உள்ளங்கை வழியாக எல்லாம் விட்டுப்போயிற்று. “எல்லாரும் இங்க பாருங்க, சிரிங்க,” என்கிறான். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டேன்.

வெளிச்சம் இமைக்கு மேல் சிவப்பாக அடித்துவிட்டுப் போனது. “அக்கா, கண்ண மூடிட்டீங்க. இன்னொண்ணு.” மூடியேதான் நின்றேன். மறுபடி ஒரு சிவப்பு. “அக்கா, முத்துத் தோடு போட்ட அக்கா, கண்ணத் தொறங்க.” கீழே யாரோ சிரிக்கிறார்கள், திரையில் பெரிதாகத் தெரியும் போலிருக்கிறது. “சித்தி, கண்ணத் தொறங்க,” என்று மிருதுளாவும் சிரித்தாள், அப்புறம் சிரிப்பு நின்றது. “இந்து,” என்கிறாள் சுகுணா, உதடு அசையாமல், படத்துக்கு நிற்கிற சிரிப்பு மாறாமல், “என்னடி இது, எல்லாரும் பாக்குறாங்க. கண்ணத் தொறடி.” இமையை இன்னும் இறுக்கினேன். வியர்வை ஒரு சொட்டு நெற்றியிலிருந்து கன்னத்துக்கு இறங்குகிறது, ஃபவுண்டேஷனைக் கரைத்துக்கொண்டு இறங்கட்டும். மூன்றாவது சிவப்பு. புடவை மடிப்புக்குள் அவள் பிடி முதலில் தளர்ந்தது, அப்புறம் ஒவ்வொரு விரலாக விட்டது. “சரி, பரவால்ல, அடுத்தவங்க வாங்க,” என்றான் அவன். கண்ணை மூடியபடியே படியைக் காலால் தேடினேன், பாஸ்கரன் வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் படத்தை எதற்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். பட்டை போடுகிற வேலைகூட அவளுக்கு இல்லை.